நம்பிக்கை கேட்பவர்கள் கணக்கைக் காட்டட்டும்

கட்டுமானத் துறையின் மேடைகளில் சில காலமாக ஒரே குரல் கேட்கிறது. வீட்டு விற்பனை மந்தம் என்று செய்தி வந்தால் குற்றவாளி அந்தச் செய்திதானாம். வட்டி ஏறுகிறது என்று எழுதினால் மக்கள் மிரண்டுவிடுகிறார்களாம். வெள்ளம் சூழ்ந்த தெருவைப் படம் பிடித்துப் போட்டால் அந்தப் பகுதியின் மதிப்பே போய்விடுகிறதாம். பாதியில் நிற்கும் ஒரு திட்டத்தைப் பற்றி எழுதினால் ஒழுங்காகக் கட்டிக் கொடுப்பவர்களுக்கும் புக்கிங் நின்றுவிடுகிறதாம். ஆகவே பத்திரிகைகள் எதிர்மறைச் செய்திகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மக்கள் நம்பிக்கையோடு இருக்க வேண்டும், வீடு வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று முடிக்கிறார்கள். இதே சேதியை விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் பேச்சு வழக்கில் சொல்கிறார்: "பேப்பர்ல வர்றதையெல்லாம் பாத்துட்டிருந்தா சொந்த வீடே வாங்க முடியாது சார்."

இந்தப் பேச்சை வன்மையாகக் கண்டிக்கிறோம். இருபது ஆண்டுச் சம்பாத்தியத்தை ஒரே கையெழுத்தில் அடகு வைக்கப்போகும் ஒரு குடும்பத்தைப் பார்த்து, கெட்ட செய்தி எதையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அதிலும், அந்தக் கையெழுத்தால் லாபம் பெறுபவருக்கு அறவே இல்லை.

வீட்டுச் சந்தையின் மேல் நமக்கு அவநம்பிக்கை கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டுக்கான தேவை வற்றிவிடவில்லை, வற்றப்போவதும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே மாநில மக்களில் 48.4 சதவீதத்தினர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மாதவரத்தையும் பூந்தமல்லியையும் சோழிங்கநல்லூரையும் சிறுசேரியையும் நகரத்தோடு கோக்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்கு வந்து சேரும் இளைஞர்களுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும். நம் ஊரில் வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போக வாங்குவதில்லை. அதில் குடியிருக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், ஓய்வுக்குப் பின் வாடகைக் கவலை இல்லாமல் இருக்கவுமே வாங்குகிறார்கள். சூதாட்டக்காரர் நிறைந்த சந்தையைவிட இது உறுதியானது. நம்பிக்கைக்கு இவ்வளவு நியாயமான காரணங்கள் இருக்கும்போது, அதைக் கண்ணைக் கட்டித்தான் காப்பாற்ற வேண்டும் என்று துறையே நினைப்பதுதான் வேதனை.

கண்ணைக் கட்டிக்கொண்டு நம்பியதன் விலை என்ன என்பதற்கு அண்மைக் கால வரலாற்றில் பெரிய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு விலை உச்சத்தைத் தொட்டது 2006-ல். அங்கே வீட்டுத் தரகர்களின் மாபெரும் அமைப்பு நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டார்ஸ். அதன் தலைமைப் பொருளியலாளராக இருந்த டேவிட் லெரேயா, ரியல் எஸ்டேட் ஏற்றத்தைத் தவறவிடுகிறீர்களா என்று வாசகரைக் கேட்கும் தலைப்பில் 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே, இந்த ஏற்றம் ஏன் சரியாது என்று உறுதி சொல்லும் தலைப்போடு அது மறுபடி வந்தது. விற்பனை குறையத் தொடங்கி, செய்திகளும் அதைச் சொல்லத் தொடங்கிய 2006 நவம்பரில், அந்தச் சங்கம் நாட்டின் பெரிய நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. வீடு வாங்கவும் விற்கவும் இது அருமையான நேரம் என்பதே அதன் சாரம். செய்திப் பக்கம் எச்சரித்தது. விளம்பரப் பக்கம் அழைத்தது.

அடுத்து வந்தது உலகத்துக்கே தெரியும். 2007-ல் தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த கடன்கள் வரிசையாக வாராக் கடனாயின. 2008 செப்டம்பர் 15 அன்று முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. கேஸ்–ஷில்லர் தேசியக் குறியீட்டின்படி, 2006-ன் உச்சத்திலிருந்து 2012 தொடக்கம் வரை வீட்டு விலை ஏறத்தாழ 27 சதவீதம் இறங்கியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு வெளியேறின. விளம்பரத்தை நம்பி 2006 இறுதியில் வாங்கியவர்களில் பலருக்கு, வீட்டின் மதிப்பைவிடக் கடன் பாக்கி பெரிதாகிப்போனது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. 2011 டிசம்பரில் அதே சங்கம் தன்னுடைய புள்ளிவிவரத்தைத் திருத்தி வெளியிட்டது. 2007 முதல் 2010 வரை நடந்ததாகத் தான் சொல்லிவந்த வீட்டு விற்பனை எண்ணிக்கை உண்மையைவிட 14 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டு, நான்கு ஆண்டுக் கணக்கையும் கீழே இறக்கியது. நெருக்கடியின் நடுவில் கொள்கை வகுத்தவர்களும் கடன் கொடுத்தவர்களும் வீடு வாங்கியவர்களும் அந்த மிகை எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருந்தார்கள். செய்தி மிகைப்படுத்துகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, உண்மையில் மிகையாக இருந்தது நல்ல சேதிதான். தாமதமாக வந்தாலும் அந்தத் திருத்தம் பொதுவெளியில் வந்தது. நம் ஊரில் எந்தக் கட்டுநர் சங்கமாவது, எந்தச் சந்தை ஆலோசனை நிறுவனமாவது, தான் முன்பு சொன்ன கணக்கு தவறு என்று இப்படி வெளிப்படையாகத் திருத்தியதை வாசகர் பார்த்திருக்கிறாரா?

நம் மண்ணுக்கு வருவோம். எதிர்மறைச் செய்தி என்று இவர்கள் பழிப்பது எதையெல்லாம்?

2014 ஜூன் 28 மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்திருந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணின் தாங்குதிறன் என்ன, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் யார், கம்பி எவ்வளவு, கான்கிரீட் என்ன தரம் என்ற கேள்விகள் சாதாரண வாங்குபவரின் வாயில் வந்தது அதற்குப் பிறகுதான். நாள்கணக்கில் அந்த இடிபாட்டைக் காட்டிக்கொண்டிருந்த செய்திகள் அப்போதும் சந்தையைக் கெடுக்கின்றன என்றார்கள். சந்தை கெடவில்லை, வாங்குபவர்களுக்குக் கண் திறந்தது.

மனை வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி, மதியச் சாப்பாடு போட்டு, வண்ணக் கொடி நட்ட வயலைக் காட்டி முன்பணம் வாங்கிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய முகங்கள், கேட்டுப் பழகிய குரலிலேயே, விமான நிலையமும் தொழிற்பூங்காவும் கூப்பிடு தூரத்தில் வரப்போவதாகச் சொன்னார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகள் ஆயிரக்கணக்கில் கைமாறின. விளைநிலத்தில் கல் நட்டு விற்ற அந்தப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகங்கள் கேள்வி கேட்காமல் பதிவு செய்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அன்றைக்கு எழுந்த கூக்குரலும் சந்தை செத்துவிட்டது என்பதுதான். உண்மையில் மூச்சு முட்டிப்போனவர்கள் மனையைக் கையில் வைத்திருந்தவர்கள். விற்க வழியில்லை, வங்கிக் கடன் இல்லை, கட்ட வரைபட அனுமதி இல்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்கான கட்டணத்தைத் தங்கள் பையிலிருந்து கட்டியவர்கள், ஏற்கெனவே ஏமாந்தவர்கள். அங்கீகாரம் இல்லாத மனை ஆபத்து என்று முன்பே எழுதிய செய்தியைப் படித்து ஒதுங்கியவர் தப்பினார். அவநம்பிக்கை வேண்டாம் என்ற பேச்சைக் கேட்டவர் மாட்டினார்.

வெள்ளமும் வறட்சியும் அப்படியே. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மறுபடி தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. இதையெல்லாம் எழுதக் கூடாதா? தரைத்தளத்தில் வீடு வாங்கப்போகும் ஒருவருக்கு அந்தத் தெருவில் 2015-ல் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதைவிட முக்கியமான தகவல் வேறென்ன இருக்கிறது? அதைச் சொல்லாமல் விற்பவர், அதைச் சொன்ன செய்தியாளரைப் பார்த்து ஊரின் பெயரைக் கெடுக்கிறாய் என்று கோபிப்பது எந்த ஊர் நியாயம்?

பத்திரிகைகளுக்கும் இதில் கண்டனம் உண்டு. அது துறையினர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்றின் செய்திக்குறிப்பை அப்படியே வாங்கி, ஏழு பெருநகரங்களில் விற்பனை சரிந்தது என்று எட்டுப் பத்தித் தலைப்பு போடுகிறார்கள். அந்த ஏழில் மும்பையும் டெல்லி வட்டாரமும் புனேயும் வைத்திருக்கும் எடை என்ன, சென்னையின் பங்கு எவ்வளவு, கோவையும் மதுரையும் திருச்சியும் கணக்கிலேயே இல்லை என்பது உள்ளே எங்கும் இருக்காது. மும்பையில் கோடிக்கணக்கான ரூபாய் வீடு விற்காததைப் படித்துவிட்டு, ஆவடியில் ஐம்பது லட்சத்துக்கு வீடு தேடுபவர் தயங்கி நிற்கிறார். அது அநாவசியமான பயம். மூன்று மாதம் கழித்து அதே பத்திரிகை, விற்பனை மதிப்பு புதிய உச்சம் என்று எழுதும். எண்ணிக்கை குறைந்து, விலை உயர்ந்த வீடுகள் மட்டும் விற்றதால் மொத்தத் தொகை ஏறியிருக்கும். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய வீடுகள் புதிதாக வருவது குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் அதில் இருக்கும் உண்மையான சேதி. அதற்குத் தலைப்பு கிடைக்காது. ஒரே காலாண்டுக்கு ஒரு நிறுவனம் ஏற்றம் என்றும் இன்னொன்று இறக்கம் என்றும் சொல்கின்றன. அந்த நிறுவனங்களில் பல, வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலையும் சேர்த்தே செய்கின்றன. இதை வாசகருக்கு ஒரு வரியில் சொல்லக்கூட இடம் ஒதுக்காதவர்கள், சனிக்கிழமை இணைப்பிதழில் கட்டுநரின் பணத்தில் வந்த கட்டுரையை விளம்பரம் என்று குறிக்காமல் செய்திபோல அச்சிட இடம் கண்டுபிடிக்கிறார்கள். பயமுறுத்தும் தலைப்பும் பூசி மெழுகும் இணைப்பும் ஒரே கூடையில் வந்து விழும்போது, வாசகர் இரண்டையும் நம்பாமல் போவதுதான் மிச்சம்.

அரசும் இதே தவறைத் தன் பங்குக்குச் செய்கிறது. பதிவுத்துறை வருவாய் சாதனை அளவை எட்டியது என்ற அறிவிப்பு வந்ததும், வீட்டுச் சந்தை செழிக்கிறது என்று பலரும் அதை வாசிக்கிறார்கள். ஆனால் அந்த வருவாய்க்கு அடிப்படையான வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே கையோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். அதன் பிறகும் நீதிமன்றத் தீர்ப்பும் மறுதிருத்தமும் வந்தன. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே மொத்த வருவாய் எனும் ஒற்றை எண்ணிலிருந்து எத்தனை குடும்பம் வீடு வாங்கியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தான செட்டில்மென்ட்டும் அடமானமும் பாகப்பிரிவினையும் கிரயமும் எல்லாம் அதே வருவாயில்தான் சேர்கின்றன.

வட்டி பற்றிய செய்தியை அவநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் 4 சதவீதத்தில் இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. 2025-ல்தான் படிப்படியாக இறங்கத் தொடங்கியது. 50 லட்ச ரூபாயை 20 ஆண்டுக் கடனாக 7 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை 38,765 ரூபாய். அதுவே 9 சதவீதமானால் 44,986 ரூபாய். மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் கூடுகிறது. தவணைக் காலம் முழுவதும் பார்த்தால் கூடுதல் வட்டி மட்டும் ஏறத்தாழ 15 லட்சம். வீடு கைக்கு வராமல் இரண்டு ஆண்டு தாமதமானால், அந்தத் தவணையோடு இப்போது குடியிருக்கும் வீட்டு வாடகையும் சேரும். பள்ளிக் கட்டணத்தையும் பெற்றோரின் மருந்துச் செலவையும் சுமந்துகொண்டே ஒரு சம்பளக்காரர் இதைக் கட்ட வேண்டும். அவருக்கு வட்டி ஏறும் சேதி அபசகுனம் இல்லை. எந்த அளவு வீடு, எந்த அளவு கடன், இந்த ஆண்டா அடுத்த ஆண்டா என்று தீர்மானிக்க அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது. அதைப் பிடுங்கிவிட்டு நம்பிக்கையோடு இரு என்று சொல்பவர் அவருக்கு நல்லது நினைப்பவர் அல்லர்.

சரி, நம்பிக்கை எங்கிருந்து வரும்? அதற்கான சட்டம் நாட்டில் இருக்கிறது. 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா, 2017-லிருந்து முழுமையாக நடைமுறையில் உள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் அன்றி வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் வாங்கியவர் விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம். கட்டடத்தின் அமைப்பில் ஐந்து ஆண்டுக்குள் பழுது வந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நடுவே, சந்தையைப் பற்றிய இந்தச் சர்ச்சைக்கே விடை சொல்லும் ஒரு விதி பதினொன்றாம் பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் எத்தனை வீடுகள், என்ன வகை வீடுகள் புக் ஆகியிருக்கின்றன, என்னென்ன அனுமதி வந்திருக்கிறது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டுநர் பதிவேற்ற வேண்டும். இதை எல்லாரும் ஒழுங்காகச் செய்தால், சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு மும்பையில் எழுதப்பட்ட செய்திக்குறிப்பு தேவையில்லை. தாம்பரத்தில் எத்தனை, போரூரில் எத்தனை, கோவை சரவணம்பட்டியில் எத்தனை என்று நம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமே சொல்லிவிடலாம். செய்தி பொய் என்று புகார் சொல்பவர்களின் கையில் அதை மறுக்கும் ஆதாரம் சட்டப்படி இருக்கிறது. அதை வெளியே வைக்காமல் மேடையில் மட்டும் ஏன் முழங்குகிறார்கள்?

ஆகவே கட்டுநர்களிடம் நாம் கேட்பது வெகு எளிது. பதிவு எண் வருவதற்கு முன் ப்ரீ-லாஞ்ச் சலுகை என்று வாட்ஸ்அப்பில் முன்பணம் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது விலைச் சலுகை இல்லை, சட்ட மீறல். ஆயிரம் சதுர அடி என்று சூப்பர் பில்ட்-அப் கணக்கில் விற்று, குடிவரும்போது எழுநூறு சொச்சம் அடியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் முதல் எண்ணாகக் கார்பெட் ஏரியா இருக்கட்டும். நிலத்தின் வெள்ள வரலாறு, தண்ணீர் எங்கிருந்து, பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, தாய்ப் பத்திரத்தில் சிக்கல் உண்டா என்பதை வாங்குபவர் துருவிக் கேட்கும்வரை காத்திராமல் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுங்கள். உங்களில் ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சொன்ன தேதியில் சாவி கொடுத்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கி, பழுதைத் தங்கள் செலவில் சரிசெய்து கொடுப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு உண்மையில் கேடு செய்வது செய்தித்தாள் அல்ல, அதே சங்கத்தில் அதே மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஏமாற்றுக்காரர். அவரை வெளியேற்றும் துணிவு சங்கத்துக்கு இருந்தால், ஒரு ரூபாய் விளம்பரம் இல்லாமல் நம்பிக்கை வளரும்.

பதிவுத்துறை, மொத்த வருவாயை அறிவிப்பதோடு நில்லாமல், வீடு, மனை, விளைநிலம் என்று பிரித்து, சார்பதிவாளர் அலுவலக வாரியாகக் கிரயப் பத்திரங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். கணினியில் ஏறிக் கிடக்கும் தரவுதான் இது, புதிதாக யாரும் திரட்ட வேண்டியதில்லை. பத்திரிகைகள், புள்ளிவிவரம் கொடுத்த நிறுவனம் வீடு விற்கும் தொழிலிலும் இருந்தால் அதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். விளம்பரக் கட்டுரையை விளம்பரம் என்றே அச்சிட வேண்டும். நாடு தழுவிய எண்ணைப் போடும்போது தமிழ்நாட்டு எண்ணையும் பக்கத்தில் போட வேண்டும். தவறான தலைப்பு வந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும்.

ஆணையத்திடம் கேட்பதுதான் கடுமையானது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று அது போட்ட உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, வருவாய்த்துறை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. நிலவரி பாக்கிபோல வசூலித்துத் தரலாம் என்று சட்டம் சொல்கிறது. வசூலிக்கப்பட்டது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதை மாவட்ட வாரியாக ஆணையமும் அரசும் சேர்ந்து வெளியிட வேண்டும். நீதி கிடைத்தும் பணம் கிடைக்காத ஒருவர் தன் சுற்றத்தார் நூறு பேரிடம் சொல்லும் கதையைவிடவா செய்தித்தாள் சந்தையைக் கெடுத்துவிடும்?

காலாண்டு விவரத்தைப் பதிவேற்றாதவர் மீது திட்டத்தின் மதிப்பிடப்பட்ட செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தை அறுபத்தொன்றாம் பிரிவு ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். அடுத்த காலாண்டுக்கான கெடு முடிந்த பதினைந்து நாளுக்குள், மாநிலம் முழுவதும் நடப்பில் உள்ள திட்டங்களில் எத்தனை புதுப்பிக்கப்பட்டன, எத்தனை புதுப்பிக்கப்படவில்லை, புதுப்பிக்காத கட்டுநர்கள் யார் யார், ஒவ்வொருவர் மீதும் விதித்த அபராதம் எவ்வளவு என்ற பட்டியலைத் தமிழில், பெயரோடும் பதிவு எண்ணோடும், ஆணையம் வெளியிட வேண்டும். வீடு வாங்க இது நல்ல நேரமா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து மக்களே முடிவு செய்துகொள்வார்கள்.